கடலைப் பார்த்த தண்டவாளங்கள்

ஆப்பிரிக்காவின் ரயில் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கோடுகள் ஓடும் திசை. ஏறக்குறைய ஒவ்வொரு பாதையும் ஒரு துறைமுகத்தில் தொடங்குகிறது; உள்நாட்டில் ஒரு சுரங்கத்தையோ நிலக்கடலை விளையும் பூமியையோ தொட்டதும் நின்றுவிடுகிறது. டக்காரிலிருந்து நைஜர் ஆற்றங்கரைக்கு, லொபிட்டோவிலிருந்து காங்கோவின் செம்புச் சுரங்கங்களுக்கு, மத்தாடியிலிருந்து கின்ஷாசாவுக்கு, மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு. ஒரு பாதையும் பக்கத்துப் பாதையும் சந்திக்கும் இடங்கள் அரிது. சரக்கு கப்பலேற வேண்டும் என்பதற்காகக் காலனி அரசுகள் போட்டவை இவை. கானாவில் இருப்பவர் பக்கத்து ஐவரி கோஸ்ட்டுக்குப் போய்வர வேண்டியிருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை.

விடுதலை கிடைத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் திசை பெரிதாக மாறவில்லை. கண்டத்தின் மொத்த வணிகத்தில் அதன் நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்வது ஆறில் ஒரு பங்கு அளவுதான். 54 நாடுகளில் 16 நாடுகளுக்குக் கடற்கரையே கிடையாது. 2021 ஜனவரியில் கண்டம் தழுவிய தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சுங்க வரி குறைந்ததும் லாரி தானாக ஓடிவிடாது. அதற்குச் சாலை வேண்டும், பாலம் வேண்டும், எல்லையில் கதவு திறக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் இல்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மை. கடந்த அரை நூற்றாண்டில் எங்கே மாற்றம் விரைவாக வந்தது என்று தேடினால், பல இடங்களில் பணம் கொட்டியதைவிட விதியை மாற்றியதுதான் அதிகப் பலன் தந்திருக்கிறது.

காலனிக் காலத்தில் இந்த ரயில் பாதைகளுக்குக் கொடுத்த விலை மனித உயிர்கள். உகாண்டா ரயில்வே 1896இல் மொம்பாசாவில் தொடங்கி 1901இல் விக்டோரியா ஏரிக் கரையை எட்டியது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, சுமார் 32,000 தொழிலாளர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். நோயிலும் விபத்திலும் சாவோ ஆற்றங்கரைச் சிங்கங்களிடமும் மாண்டவர்கள் ஏறக்குறைய 2,500 பேர். போட்டது மீட்டர் கேஜ் பாதை. தெற்கே போனால் 1,067 மில்லிமீட்டர் அகலம்; வடக்கே எகிப்திலும் மொராக்கோவிலும் அதைவிட அகலமான உலகப் பொது அளவு. பல இடங்களில் ஒரு நாட்டு ரயில் பெட்டி அடுத்த நாட்டுத் தண்டவாளத்தில் உருளாது என்ற நிலை அன்றே உறுதியாகிவிட்டது.

அந்தத் திசையை மாற்ற முயன்ற முதல் பெரிய வேலை டாஸாரா எனப்படும் தான்சானியா–ஜாம்பியா ரயில்பாதை. 1965இல் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்ததும், ஜாம்பியாவின் செம்பு வெளியேற இருந்த தெற்கு வழி சிக்கலுக்குள்ளானது. ஜாம்பியாவின் கென்னத் கவுண்டாவும் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேயும் மேற்கு நாடுகளிடம் போய்க் கேட்டார்கள். பாதை லாபம் தராது என்ற பதிலே கிடைத்தது. சீனா முன்வந்தது, அதுவும் தானே ஏழை நாடாக இருந்த காலத்தில். வட்டியில்லாக் கடனில், 1970 முதல் 1975 வரை, தார் எஸ் சலாமிலிருந்து கபிரி எம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் பாதை மலைகளையும் சதுப்புகளையும் கடந்து போடப்பட்டது. சீனத் தொழிலாளர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் அந்த மண்ணிலேயே புதைந்தனர். ஆண்டுக்கு 20 லட்சம் டன் சரக்கு ஏற்றும் கணக்கில் கட்டிய பாதை அது. அந்த அளவை ஒருமுறைகூட எட்டவில்லை. எஞ்சின்கள் பழுதானபோது உதிரிப் பாகம் இல்லை, இரு நாட்டு நிர்வாகத்துக்கு நடுவே முடிவெடுப்பார் இல்லை, தெற்கு வழி மறுபடி திறந்ததும் செம்பு லாரிகளில் ஏறிப் போய்விட்டது. போட்ட பாதையைப் பராமரிக்கும் பணம் ஆண்டுதோறும் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு டாஸாராவை உருவாக்கியவர்களிடம் பதில் இருக்கவில்லை. 2024இல் அதைப் புதுப்பிக்க மறுபடியும் சீன நிறுவனத்திடமே போக வேண்டியதாயிற்று.

அதே கேள்வி இன்றைய புதிய ரயில்களையும் துரத்துகிறது. எரித்ரியா 1993இல் பிரிந்தபின் கடலை இழந்த எத்தியோப்பியா, ஜிபூத்தி துறைமுகம் வரை சுமார் 750 கிலோமீட்டர் மின்ரயில் பாதையை 2016இல் திறந்தது. கென்யாவின் மொம்பாசா–நைரோபி ரயில் 2017 மே 31 அன்று ஓடத் தொடங்கியது. செலவில் பெரும்பகுதி சீன வங்கிக் கடன். 2019இல் அது நைவாஷா வரை நீண்டது. அதோடு நின்றது. உகாண்டாவையும் ருவாண்டாவையும் எட்டும் என்று சொல்லிக் கட்டிய பாதை பல ஆண்டுகளாகக் கென்யாவின் நடுவிலேயே முடிந்துகிடக்க, கடன் தவணை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. தான்சானியா 2024இல் தார் எஸ் சலாம்–தொடோமா மின்ரயிலைத் தொடங்கியது. கடன் வாங்கிப் பாதை போடுவதைத் தவறு என்று சொல்ல முடியாது. உள்நாட்டுக்குச் சரக்கைக் கொண்டுபோக வேறு மலிவான வழி கிடையாது. ஆனால் அடிஸ் அபாபாவின் நகர ரயிலைப் பாருங்கள். 2015இல் 41 வண்டிகளோடு ஆரவாரமாகத் தொடங்கியது. உதிரிப் பாகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல், சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் மேற்பட்ட வண்டிகள் பணிமனையில் முடங்கின.

சாலைக் கதை இதைவிட நீளம். 1971இல் ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையம் கண்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்குத் திட்டம் போட்டது. கெய்ரோவிலிருந்து கேப் டவுன், டக்காரிலிருந்து இஞ்ஜமேனா, லாகோஸிலிருந்து மொம்பாசா என்று ஒன்பது வழிகள், மொத்தம் 56,000 கிலோமீட்டருக்கு மேல். கெய்ரோ–கேப் வழியில் இன்று பெரும்பகுதி தார் விழுந்துவிட்டது. லாகோஸ்–மொம்பாசா வழியோ காங்கோவின் காட்டுக்குள் போய்க் காணாமல் போகிறது. அங்கே கின்ஷாசாவிலிருந்து கிசங்கானிக்கு ஆறுதான் நெடுஞ்சாலை. ஒன்றோடொன்று கட்டிய தோணிகளில் மூட்டைகளும் ஆடுகளும் மனிதர்களுமாக ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் பயணம்; வாரக்கணக்கில் ஆகும்.

போட்ட சாலைகளில் எத்தனை நிலைத்தன? உலக வங்கி 1988இல் வெளியிட்ட ஆய்வு 85 வளரும் நாடுகளைப் பார்த்தது. காலத்தில் பழுதுபார்க்காததால் சிதைந்த சாலைகளின் மதிப்பு 4,500 கோடி டாலர். அந்த இழப்பைத் தவிர்க்க 1,200 கோடி டாலர் போதுமாயிருந்திருக்கும் என்று அது கணக்கிட்டது. இதில் ஆப்பிரிக்காவின் பங்கு பெரிது. புதிய சாலையைத் திறந்துவைக்க அமைச்சர் வருவார், கடன் தரும் வங்கியும் வரும். வடிகாலைத் தூர்வாரும் பணிக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. அதோடு அதிகச் சுமை. ஓர் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்பது 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை காட்டிய பாடம். எடை மேடையில் இருப்பவரைச் சரிக்கட்டிவிட்டுப் போகும் ஒவ்வொரு லாரியும் இருபது ஆண்டுச் சாலையின் ஆயுளை உண்கிறது. 1990களில் கென்யா, ஜாம்பியா, கானா போன்ற நாடுகள் பெட்ரோல், டீசல் விலையில் ஒரு தொகையைச் சாலைக்கென்றே தனி நிதியாக ஒதுக்கத் தொடங்கின. பேசப்படாத சீர்திருத்தம் இது. கண்டத்துச் சாலைகளுக்கு இது செய்த நன்மை பல பெரிய கடன்கள் செய்யாதது.

நல்ல சாலை இருந்தும் கட்டணம் குறையாத இடங்கள் உண்டு. 2000களின் இறுதியில் உலக வங்கியின் மற்றோர் ஆய்வு லாரித் தொழிலைத் துருவிப் பார்த்தது. மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவில் லாரி ஓட்டும் செலவு உலகின் பிற பகுதிகளைவிட அவ்வளவு அதிகம் இல்லை. வாங்கும் வாடகைதான் அதிகம். காரணம், முறை போட்டுச் சரக்கைப் பங்கிடும் லாரிச் சங்கங்களும் அவற்றுக்குப் பின்னால் நின்ற செல்வாக்குள்ளவர்களும். சரக்குக்காரர் விரும்பிய லாரியை அமர்த்த முடியாது. வரிசையில் முதலில் நிற்பது எவ்வளவு பழைய வண்டியானாலும் அதில்தான் ஏற்ற வேண்டும். ருவாண்டா 1994க்குப் பின் இந்தப் பிடியை அவிழ்த்துவிட்டது. ஒரு கிலோமீட்டர் புதுத் தார்கூடத் தேவைப்படாமலேயே வாடகை விழுந்தது. சாலைக்குக் கடன் கேட்கும் எந்த அரசும் முதலில் ருவாண்டாவின் இந்த அனுபவத்தைப் படிக்க வேண்டும்.

விதியும் கட்டுமானமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கசுங்குலா சாட்சி. சாம்பெசி ஆற்றில் ஜாம்பியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, நமீபியா நான்கும் நெருங்கும் இடம் அது. ஜாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் இடையிலான எல்லை அங்கே வெறும் 150 மீட்டர் அளவுதான். தென்னாப்பிரிக்காவிலிருந்து காங்கோவுக்குப் போகும் லாரிகள் அந்த ஆற்றை மிதவைப் படகில்தான் கடந்தன. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு வண்டிகள். நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் கரையோரம் வரிசை நின்றது. ஓட்டுநர்கள் வண்டிக்கடியில் அடுப்பு மூட்டிச் சமைத்து, அங்கேயே படுத்து எழுந்தார்கள். 2003இல் அதிகச் சுமை ஏற்றிய லாரியோடு படகு கவிழ்ந்து 18 பேர் இறந்தனர். பாலம் கட்ட முடிவானபோது ஜிம்பாப்வே சேரவில்லை. ஆகவே அதன் எல்லையைத் தொடாமல் ஆற்றின் மேலேயே வளைந்து செல்லும்படி 923 மீட்டர் பாலத்தை வடிவமைத்தார்கள். நடுவில் ரயிலுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். 2021 மே மாதம் திறப்பு. கூடவே வந்தது ஒரே நிறுத்த எல்லைச் சாவடி: வெளியேறும் நாட்டு அதிகாரியும் நுழையும் நாட்டு அதிகாரியும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து, ஒரே தடவையில் காகிதங்களைப் பார்த்து முடிக்கிறார்கள். இந்த முறையை ஆப்பிரிக்காவில் முதலில் தொடங்கியது 2009இல், ஜாம்பியா–ஜிம்பாப்வே எல்லையிலுள்ள சிருண்டுவில்.

நகரங்களுக்குள் அரசு விட்ட இடத்தைத் தனியார் சிறுவண்டிகள் பிடித்துக்கொண்டன. நைரோபியில் மட்டாட்டு, லாகோஸில் டான்ஃபோ, அக்ராவில் ட்ரோட்ரோ. மேடு பள்ளங்களுக்கு மோட்டார் சைக்கிள் டாக்சியான போடா போடா. அவற்றில் பெரும்பாலும் இந்திய வண்டிகள்தான், பஜாஜ் பாக்ஸரும் டிவிஎஸ் எச்எல்எக்ஸும். தார் எஸ் சலாம் 2016இல் தனித்தடப் பேருந்து முறையைக் கொண்டுவந்து வேலைக்குப் போகிறவர்களின் நேரத்தை மிச்சப்படுத்தியது.

தொலைபேசியில் நடந்ததோ வேறு வேகம். 2001 தொடக்கத்தில் நைஜீரியாவில் சுமார் 12 கோடி மக்களுக்கு இருந்த தொலைபேசி இணைப்புகள் ஏறக்குறைய 5 லட்சம். அந்த ஆண்டு ஜனவரியில் அரசு செல்பேசி உரிமங்களை ஏலம் விட்டது. ஓர் உரிமத்தின் விலை 28.5 கோடி டாலர். ஏழை நாட்டில் இவ்வளவு கொடுத்து யார் பேசப்போகிறார்கள் என்ற கேள்வி அன்று எழுந்தது. ஆகஸ்டில் சேவை தொடங்கியதும் வாடிக்கையாளர்கள் அலைமோதினர். 2003இல் நுழைந்த குளோபாகாம், பேசிய நொடிக்கு மட்டும் காசு என்று அறிவித்ததும் மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். இருபதே ஆண்டுகளில் இணைப்புகள் 15 கோடியைத் தாண்டின. கண்டம் முழுக்க நடந்தது இதுதான். சூடானில் பிறந்த மோ இப்ராஹிம் 1998இல் தொடங்கிய செல்டெல் 2005இல் 340 கோடி டாலருக்கு விற்பனையானது. கைமாறி, 2010இல் 15 நாடுகளின் சேவைகளோடு இந்தியாவின் ஏர்டெல்லிடம் வந்தது.

அரசின் தொலைபேசித் துறைகள் பல பத்தாண்டுகளில் செய்யாததை இவர்கள் எப்படிச் செய்தார்கள்? கம்பி இழுக்க வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், ஏகபோகம் உடைந்ததும், முன்கூட்டிப் பணம் கட்டும் அட்டையும். நாள்கூலி வாங்குகிறவருக்கு மாதக் கட்டணம் கட்டுப்படியாகாது. இன்றைக்கு வேண்டிய பேச்சை இன்றைக்கு வாங்க முடிந்தால் வாங்குவார். நெடுஞ்சாலையை அப்படிச் சுரண்டும் அட்டையில் துண்டு துண்டாக விற்க முடியாது என்பதே இரு துறைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு.

கென்யாவின் எம்-பெசா என்ற செல்பேசிப் பணச் சேவை 2007 மார்ச்சில் வந்தது. நகரத்தில் வேலை பார்ப்பவர் ஊருக்குப் பணம் அனுப்ப அதுவரை பேருந்து ஓட்டுநரின் கையில் உறையைக் கொடுப்பார், அல்லது தெரிந்தவர் ஊர் திரும்பக் காத்திருப்பார். இப்போது தெருமுனையில் பச்சை வண்ணம் பூசிய பெட்டிக்கடைக்குப் போகிறார். அடையாள அட்டையைக் காட்டி நோட்டுகளை நீட்டுகிறார். கடைக்காரர் தம் செல்பேசியில் தட்டுகிறார். இருவருக்கும் குறுஞ்செய்தி வருகிறது. தொடக்க ஆண்டுகளில் கோடு போட்ட பேரேட்டில் பெயர், எண், தொகை எழுதிக் கையெழுத்தும் வாங்கினார். பணம் கட்டியவர் தம் செல்பேசியிலிருந்து அதை அனுப்ப, ஊரிலிருக்கும் அம்மா தன் பக்கத்துக் கடையில் போய்ப் பணமாக எடுத்துக்கொள்கிறாள். இந்தச் சேவையால் ஏறக்குறைய 1,94,000 கென்யக் குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டதாக 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் தவ்நீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் எழுதினார்கள். ஆனால் கிராமத்துக் கடைக்காரரின் கல்லாவில் நோட்டு தீர்ந்தால் அவர் மட்டாட்டு ஏறி நகரத்து வங்கிக்குத்தான் போயாக வேண்டும். மழையில் சாலை துண்டிக்கப்பட்டால் செல்பேசிப் பணமும் நின்றுபோகும்.

இணையத்திலும் பழைய திசையே நீண்ட காலம் ஆண்டது. நைரோபியில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு அனுப்பிய மின்னஞ்சல், அனுப்பியவரும் பெறுபவரும் வேறு வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களாக இருந்தால், செயற்கைக்கோள் வழியாகக் கடல் கடந்து அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போய்த் திரும்பி வந்தது. போக வரக் காசு. 2000 நவம்பரில் உள்ளூர் நிறுவனங்கள் சேர்ந்து ஓர் இணையப் பரிமாற்ற மையத்தைத் தொடங்கின. அதற்குப் பெரிய கட்டடமோ எந்திரக்கூடமோ வேண்டாம்; ஓர் அறையும் சில கருவிகளும் போதும். வெளிநாட்டுத் தொடர்பு தன் தனியுரிமை என்று அரசின் தொலைபேசி நிறுவனம் புகார் செய்ய, இரண்டே வாரத்தில் ஒழுங்குமுறை ஆணையம் அதை மூடியது. வாதாடி, உரிமம் பெற்று, 2002இல்தான் மறுபடி திறந்தார்கள். உள்ளூர்த் தகவல் அதன்பின் உள்ளூரிலேயே சுற்றியது.

கடலடிக் கேபிள்களின் வரலாறு இன்னும் பழையது. ஏடனிலிருந்து சான்சிபார் வழியாக டர்பனுக்கு 1879இலேயே தந்திக் கேபிள் இறங்கியது. ஆனால் கென்யா முதல் மொசாம்பிக் வரையிலான கடற்கரைக்கு ஒளியிழைக் கேபிள் வர 2009 ஆக வேண்டியிருந்தது. அந்த ஜூலையில் சீகாம், பின்னாலேயே டீம்ஸ், ஈஸி என்று வரிசையாக வந்தன. மேற்குக் கரையில் 2000களின் தொடக்கத்திலேயே கேபிள் இருந்தும், அது அரசு ஏகபோகங்களின் கையில் இருந்ததால் விலை இறங்கவில்லை. போட்டிக் கேபிள்கள் கரையேறிய பிறகே இறங்கியது.

கேபிள் இருந்தால் அறுபடும். 2023 ஆகஸ்டில் காங்கோ ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கில் சேறு சரிந்து இரண்டு கேபிள்களை அறுத்தது. 2024 மார்ச் 14 அன்று அபிஜான் கடலில் ஒரே நாளில் நான்கு அறுந்து, மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வங்கிகளும் அலுவலகங்களும் ஸ்தம்பித்தன. இவற்றைச் சீர்செய்யக் கேப் டவுனைத் தளமாகக் கொண்டு நிற்கிறது லியோன் தெவெனான், 1983இல் கட்டிய கப்பல். ஆழ்கடலுக்கு இரும்புக் கொக்கியை இறக்கி, கேபிள் சிக்கும்வரை தரையோடு இழுத்துப் போவார்கள். சிக்கிய முனையை மேலே ஏற்றி, தலைமுடி பருமன் உள்ள கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்டி மறுபடி கடலில் விடுவார்கள். கண்டத்தைச் சுற்றி அத்தனை கேபிள்கள். அவற்றைக் காக்கும் கப்பல்களோ மிகச் சில.

கண்டம் தழுவிய இணைப்புக்கு இந்தியா செய்த பங்களிப்புக்கு விதை போட்டவர் அப்துல் கலாம். குடியரசுத் தலைவராக 2004 செப்டம்பரில் ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசியபோது, இந்தியப் பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் ஆப்பிரிக்க நாடுகளோடு இணைக்கும் மின்வலையமைப்பை முன்மொழிந்தார். டக்காரில் மையம் அமைத்து 2009இல் அது செயல்படத் தொடங்கியது.

இவ்வளவுக்குப் பிறகும் 2024இல் ஆப்பிரிக்க மக்களில் இணையத்தில் இருந்தோர் 38 சதவீதம் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். உலக அளவு 68. அலைவரிசை எட்டாத ஊர்களைவிட, எட்டியும் வாங்க முடியாதவர்களே அதிகம். ஸ்மார்ட்போன் விலை, டேட்டா விலை, மின்சாரம்: சுமார் 60 கோடிப் பேர் வீட்டில் மின்விளக்கு இல்லாத கண்டத்தில் கோபுரங்கள் டீசலில் ஓடுகின்றன, அந்த டீசல் மோசமான சாலையில் வருகிறது. அரசுகளும் குறுக்கே நிற்கின்றன. உகாண்டா 2018இல் சமூக ஊடகங்களைத் திறக்க நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி போட்டது. கேமரூன் 2017இல் ஆங்கிலம் பேசும் பகுதிகளின் இணையத்தை 93 நாட்கள் துண்டித்தது. அங்குள்ள போயா நகரத்து மென்பொருள் இளைஞர்கள் மடிக்கணினியோடு வண்டியேறி, இணையம் கிடைக்கும் பகுதிக்குப் போய் வேலையை அனுப்பினார்கள். எத்தியோப்பியாவின் திக்ரே பகுதி போர்க்காலத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தொடர்பற்றுக் கிடந்தது. உள்ளே சிக்கியவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூட உறவினர்களால் அறிய முடியவில்லை. எந்தக் காரணமும் இதை நியாயப்படுத்தாது.

இப்போது மறுபடியும் உலகின் கண் செம்பின் மீது, கூடவே பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட் மீது. அங்கோலாவின் பெங்குவேலா ரயில் 1975இல் உள்நாட்டுப் போரில் அடைபட்டு, சீன நிறுவனம் புதுப்பித்தபின் 2015இல் மீண்டது. அதை 30 ஆண்டுகள் நடத்தும் உரிமை 2023இல் ஐரோப்பிய நிறுவனங்களின் கூட்டமைப்பிடம் வந்தது. அமெரிக்கா பணம் தருவதாக உறுதியளித்தது. 2024 டிசம்பரில் அன்றைய அமெரிக்க அதிபர் பைடன் நேரிலேயே அங்கோலாவுக்குப் போனார். மேற்கே லொபிட்டோ, கிழக்கே டாஸாரா. அதே சுரங்கங்களின் தாதுவுக்கு இரண்டு பாதைகள் போட்டியிடுகின்றன. ஜாம்பியாவும் காங்கோவும் இந்தப் போட்டியைப் பயன்படுத்தி, திரும்பி வரும் பெட்டிகளில் உரமும் சிமெண்டும் மலிவாக வரவும், வழியோர ஊர்களின் சோளம் ஏறவும் ஒப்பந்தத்திலேயே இடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

கின்ஷாசாவும் பிரஸாவிலும் காங்கோ ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் இருக்கும் இரு தலைநகரங்கள். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றதன் கட்டடங்கள் தெரியும். இரண்டுக்கும் நடுவே இன்றுவரை பாலம் இல்லை. 1,575 மீட்டரில் சாலையும் ரயிலும் சேர்ந்த பாலத்துக்கு ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் முயற்சியில் 2018இல் உடன்பாடு எட்டப்பட்டது. கின்ஷாசா தரப்பின் தயக்கம் எளிதில் புரியக்கூடியது: பாலம் வந்தால் சரக்கெல்லாம் எதிர்க்கரை நாட்டின் புவாந்த் நுவார் துறைமுகத்துக்குப் போய்விடும், மத்தாடி வெறிச்சோடும். அதற்காகவே பனானாவில் சொந்த ஆழ்கடல் துறைமுகத்துக்கு 2022இல் அடிக்கல் நாட்டினார்கள். துறைமுகம் முதலில், பாலம் பிறகு என்பது அவர்கள் போட்டிருக்கும் வரிசை. அதுவரை ஆற்றைக் கடக்கும் வியாபாரிகள் இரு கரைகளிலும் முத்திரைக்குக் காசு கட்டிப் படகேறிக்கொண்டிருக்கிறார்கள்.